இந்த மீனைச் சாப்பிடலாமா?

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக் கரையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூண்டிலுடன் உட்கார்ந்திருப்பவர்களில் நானும் ஒருவன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இது என் பழக்கம். முன்பெல்லாம் உள்ளூர்க்காரர்கள் நான்கைந்து பேர்தான் இருப்போம். இப்போது தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநில இளைஞர்கள் வார விடுமுறையில் வருகிறார்கள். ஆற்றோரத்திலும் குளத்தோரத்திலும் வளர்ந்தவர்கள். மீன் இல்லாத சோறு அவர்களுக்கு அரைச் சோறு. மூங்கில் கழி, நைலான் நரம்பு, ஒரு முள், பிசைந்த மைதா மாவு. இவ்வளவுதான் அவர்களுடைய கருவிகள்.

சில மாதங்களுக்கு முன்பு அப்படி ஓர் இளைஞர் என் அருகே வந்து உட்கார்ந்தார். அன்று எனக்கு நல்ல கை. ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை அகல ஜிலேபி மீன்கள் ஏழெட்டு சிக்கின. முள்ளைக் கழற்றி ஒவ்வொன்றாக நீரில் விட்டுக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "அண்ணா, ஏன் விடுறீங்க? இந்த மீன் சாப்பிடலாமா, கூடாதா?"

"நான் வீட்டுக்குக் கொண்டுபோறதில்லை, தம்பி. தண்ணி சரியில்லை" என்றேன்.

"அப்போ எனக்குக் குடுங்க அண்ணா. ரூம்ல ஆறு பேர் இருக்கோம்."

அதன்பின் பிடித்த மீன்களை அவரிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வீடு திரும்பும் வழியெல்லாம் மனம் உறுத்திக்கொண்டிருந்தது. என் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் துணியாத ஒன்றை அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த மீன் கெட்டது என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. நல்லது என்பதற்கும் இல்லை. அவர் கேட்டது மிக எளிய கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் ஒரு பலகைகூட அந்தக் கரையில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

விராலும் ஜிலேபியும்

அமெரிக்காவில் நீர்த்தேக்கக் கரையிலிருந்து தூண்டில் போடுவோரின் பேச்சில் இரண்டு வகை மீன்கள் ஓயாமல் வரும். ஒன்று, 'பாஸ்' என்னும் வேட்டை மீன். மற்றொன்று, வாணலியில் முழுதாக அடங்கும் பலவகைச் சிறு மீன்கள். அவற்றுக்கு 'வாணலி மீன்கள்' என்றே பெயர். நம் அணைகளில் அந்த மீன்கள் இல்லை. பாஸின் இடத்தில் நமக்கு விரால் இருக்கிறது. வாணலி மீனின் இடத்தில் ஜிலேபியும் கெண்டையும் இருக்கின்றன.

விரால், பதுங்கிப் பாயும் மீன். கரையோரக் கோரைக்கும் ஆகாயத்தாமரைக்கும் இடையில் அசையாமல் கிடந்து, தவளையோ சிறு மீனோ எல்லைக்குள் வந்ததும் ஒரே பாய்ச்சலில் கவ்வும். பெங்களூரிலிருந்து விலையுயர்ந்த கழியும் ரீலும் கொண்டுவரும் இளைஞர்கள், தவளை உருவில் செய்த ரப்பர் இரையை நீர்மேல் இழுத்து அதைப் பிடிக்கிறார்கள். குஞ்சு பொரித்த காலத்தில் தாயும் தந்தையும் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் அடியிலேயே காவல் நிற்கும். அப்போது பெரிய மீனைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் பிற மீன்களுக்கு இரையாகும். அதனால் விவரம் அறிந்தவர்கள் அந்தப் பக்கம் தூண்டில் வீசமாட்டார்கள்.

ஜிலேபியின் கதை வேறு. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்த மீன் 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைகளுக்கு மலிவான புரதம் என்பது அன்றைய நோக்கம். பெண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிப்பதால் குஞ்சுகள் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். கரையோர ஆழமற்ற நீரில் தாம்பாளம் போன்ற குழிகளை நீங்கள் பார்த்திருந்தால், அவை ஆண் மீன்கள் இனப்பெருக்கத்துக்காகத் தோண்டியவை. கொண்டுவந்த சில பத்தாண்டுகளில் தமிழகத்தின் ஏரி, குளம், அணை எல்லாவற்றையும் அது நிறைத்துவிட்டது. மண்புழு, மாவு உருண்டை, சோற்றுப் பருக்கை என எதையும் கடிக்கும். தூண்டில் பழகும் குழந்தைக்கு முதலில் சிக்குவது இதுதான்.

இவற்றோடு, மீன்வளத் துறையினர் நீர்த்தேக்கங்களில் குஞ்சாக விடும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகளும் உண்டு. அவற்றைப் பிடிக்கும் உரிமை பெற்றவர்கள் கூட்டுறவுச் சங்க மீனவர்களோ குத்தகைதாரர்களோதான். அவர்களுடைய அனுமதி கேட்டுத் தூண்டில் போடுவதே முறை.

ஒரு பொழுதுபோக்கைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. எந்த மீன், எந்த நேரத்தில், எந்த இடத்தில் சிக்குகிறது என்பதைப் பல ஆண்டுகள் கவனித்து வருபவருக்கு அந்த நீரைப் பற்றி ஆய்வுக்கூட அறிக்கைக்கு முன்பே சில செய்திகள் தெரிந்துவிடும். என் கூடையில் பல ஆண்டுகளாகக் கெண்டை வகைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஜிலேபி, விரால், கெளுத்தி ஆகியவை மட்டுமே மிஞ்சுகின்றன. ஏன் இந்த மூன்றும் மிஞ்சுகின்றன என்பதை அறிய, நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

நதி வரும் வழி

தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. அங்கே அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். பெங்களூருக்குக் கிழக்கே தெற்கு நோக்கி இறங்கி, கொடியாளம் அருகே தமிழகத்துக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை ஆகியவற்றைக் கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. கெலவரப்பள்ளி அணையின் கால்வாய்களை நம்பிச் சுமார் 8,000 ஏக்கர் நிலம் இருக்கிறது. 1957-இல் காமராஜர் திறந்துவைத்த கிருஷ்ணகிரி அணையின் பாசனப் பரப்பு 9,012 ஏக்கர்.

பெங்களூர் நகரத்துக் கழிவுநீரின் கணிசமான பகுதி பெல்லந்தூர் ஏரியில் விழுகிறது. அந்த ஏரி நிரம்பி வர்த்தூர் ஏரிக்குப் போகிறது. வர்த்தூர் ஏரியின் உபரிநீர் தென்பெண்ணையில் கலக்கிறது. மழையில்லாத மாதங்களில் ஆற்றில் ஓடுவதில் பெரும்பகுதி நகரம் பயன்படுத்தி விட்ட நீரே. பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கிச் சாலைக்கு வந்ததையும், 2017 பிப்ரவரியில் அந்த ஏரியிலேயே தீப்பற்றிப் புகைந்ததையும் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஏரிகளைக் காக்கத் தவறியதற்காகக் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும் பெங்களூரு மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது.

அதே நுரைதான் ஒவ்வோர் ஆண்டும் கெலவரப்பள்ளியின் மதகுகளுக்குக் கீழே பனிமலைபோல் எழுகிறது. துணி துவைக்கவும் பாத்திரம் துலக்கவும் நாம் பயன்படுத்தும் சலவைப் பொருள்களில் உள்ள வேதிப்பொருள்கள் ஏரியடிச் சேற்றில் ஒட்டிக்கொள்கின்றன. பெருமழை பெய்து நீர் வேகமெடுக்கும்போது சேறு கலங்கி, அவை மீண்டும் நீரில் கரைகின்றன. அந்த நீர் உயரத்திலிருந்து விழும்போது காற்றோடு கலந்து நுரையாகிறது. எனவே நுரை பெருகும் நாள், நீர் அன்றைக்கு மட்டும் கெட்டுப்போன நாள் அன்று. நீண்ட காலம் அடியில் சேர்ந்தது மேலே வந்து தெரியும் நாள் அது.

குற்றத்தை எல்லைக்கு அப்பால் மட்டும் வைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆனது. ஐம்பது ஆண்டுகளில் கிராமம் போலிருந்த ஊர், வாகனத் தொழிற்சாலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான பட்டறைகளும் நிறைந்த நகரமாக வளர்ந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கட்டமைப்பு அந்த வேகத்தில் வளரவில்லை. கெலவரப்பள்ளிக்குக் கீழே ஆற்றில் சேரும் கழிவுக்கு நாமே பொறுப்பு. அது போய்ச் சேரும் இடம் கிருஷ்ணகிரி அணை.

நீருக்குள் மூச்சு

கழிவுநீர் வந்தால் மீன் ஏன் மாறுகிறது? மீனும் நம்மைப்போல் பிராணவாயுவைச் சுவாசித்தே வாழ்கிறது. வேறுபாடு, அது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுள் வழியே எடுத்துக்கொள்கிறது. கழிவுநீரில் வரும் மனிதக் கழிவு, உணவுக் கழிவு ஆகியவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளும் அதே பிராணவாயுவைத்தான் செலவழிக்கின்றன. கழிவு கூடக் கூட மீனின் பங்கு குறைகிறது.

கழிவோடு வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் நீருக்கு உரமாகின்றன. பாசியும் ஆகாயத்தாமரையும் செழிக்கின்றன. நீர் பச்சைப் பசேலென்று இருக்கும். பகலில் அந்தப் பாசி பிராணவாயுவை வெளியிடும்; இரவில் பாசியும் சேர்ந்து அதை உறிஞ்சும். ஆகவே அத்தகைய நீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும் நேரம் விடியற்காலை. சுத்தமான நீரில் மீன் நன்றாகக் கடிக்கும் நேரமும் அதுவே என்பது தூண்டில்காரர்களின் பழைய பாடம். நான் பழகிய காலத்தில் கிழக்கு வெளுக்கும்போது தக்கை அமிழத் தொடங்கிவிடும். இப்போது பல நாள்களில் எட்டு மணி வெயில் ஏறிய பிறகே மீன் இரையைத் தொடுகிறது. அதற்கு முன் அவை நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். பலர் அதை மீன் விளையாடுகிறது என்று நினைக்கிறார்கள். அவை மூச்சுக்குத் தவிக்கின்றன.

மீன்களும் நீர்வாழ் உயிர்களும் பெருக ஏற்ற நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் கரைந்த பிராணவாயு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது. அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. பாசி மிகுந்த நீரில் பிற்பகல் வேளையில் காரத்தன்மை ஏறும். அப்போது தீங்கு குறைந்த வடிவில் இருக்கும் அம்மோனியாவும் மீனுக்கு நஞ்சான வடிவுக்கு மாறும். விடியலில் மூச்சுத் திணறல், பிற்பகலில் நஞ்சு என இருமுனைத் தாக்குதலில் சிக்கும் மீன் வளராது. நோய்க்கும் எளிதில் இலக்காகும்.

இந்த நீரில் கட்லாவும் ரோகுவும் தாக்குப்பிடிப்பது கடினம். விராலோ செவுளோடு கூடுதலாக ஒரு சுவாச உறுப்பையும் பெற்றிருக்கிறது. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாக விழுங்கிப் போகும். வளர்ப்பதற்குத் தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் அந்த ஆற்றல் உண்டு. ஜிலேபிக்கு அந்த உறுப்பு இல்லை. ஆனால் காற்றை ஒட்டிய மெல்லிய மேல்நீரை உறிஞ்சிச் சமாளித்துவிடும். என் கூடையில் இந்த மூன்றும் மிஞ்சியதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன். அவை நல்ல நீரின் அடையாளமல்ல. கெட்ட நீரிலும் சாகாதவை.

இதில் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. மீன் செத்து மிதந்தால் ஊர் கூடும், செய்தி வரும், அதிகாரிகள் வருவார்கள். 2016 மார்ச்சில் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோது அப்படித்தான் நடந்தது. சாகாத மீன்கள் மட்டுமே மிஞ்சிய நீரில் எதுவும் மிதப்பதில்லை. தூண்டிலும் நிறைய மீனைக் கொடுக்கிறது. 'மீன்தான் இவ்வளவு இருக்கிறதே, தண்ணீருக்கு என்ன குறை?' என்று கேட்பவரை நான் கரையில் பலமுறை சந்தித்திருக்கிறேன்.

தூண்டில் சொல்லாதது

நீரில் பிராணவாயு குறைந்திருப்பதைத் தூண்டில்காரர் ஊகிக்கலாம். மீனின் சதைக்குள் என்ன இருக்கிறது என்பதை எந்தத் தூண்டில்காரராலும் சொல்ல முடியாது. பார்த்தும் முகர்ந்தும் அறியக்கூடியது அன்று அது.

கழிவுநீரில் வரும் கிருமிகளை நன்றாகச் சமைத்தால் அழித்துவிடலாம். ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்கள் கொதிக்கும் எண்ணெயிலும் அழியமாட்டா. சிலவகை நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்கும் நஞ்சும் சமையல் சூட்டைத் தாங்கும். உலோகங்களில் பல, செவுள், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றில் அதிகம் தங்குகின்றன. ஆகவே குடலையும் செவுளையும் முற்றாக நீக்குவது ஓரளவுக்குப் பயன் தரும். பாதரசம் அப்படியன்று. அதன் கரிம வடிவம் மீனின் தசையோடு பிணைந்துவிடும். எந்த முறையில் அரிந்தாலும் கழுவினாலும் போகாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாசியையும் மட்கையும் தின்னும் சிறு ஜிலேபியைவிட, மீன்களைத் தின்று பல ஆண்டுகள் வாழும் பெரிய விராலில் பாதரசம் கூடுதலாகச் சேரும். ஒவ்வொரு படியிலும் சிறியவை உண்டது பெரியவற்றின் உடலில் குவிகிறது. மேலைநாடுகளில் பாஸ் மீனைப் பற்றி எச்சரிக்கை தருவதும் இதனால்தான். நம்மிடையே அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கும் உடல் தேற வேண்டியவர்களுக்கும் தேடி வாங்கித் தரப்படுவது விரால் என்பதை இங்கே நினைத்துப்பார்க்க வேண்டும்.

கெலவரப்பள்ளி மீனிலோ கிருஷ்ணகிரி மீனிலோ இவை இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அங்கே மீன் பிடிப்பவருக்கும் வாங்குபவருக்கும் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதே என் முறையீடு.

சட்டங்களின் இடைவெளியும் இதில் தெரிகிறது. மீன் பிடிப்பதற்காக நீரில் நஞ்சு கலப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் குற்றமாக்குகிறது. ஆற்றில் கழிவு விடுவதை 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கடையில் விற்கும் மீனை 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. உலோகங்களுக்கு உச்ச வரம்பும் உண்டு. ஆனால் ஒரு தொழிலாளி தன் தூண்டிலில் பிடித்துத் தன் அறையில் பொரித்துச் சாப்பிடும் மீன், விற்பனைக்கு வராததால், இவற்றில் எதன் கண்ணிலும் படுவதில்லை.

பிறர் கற்ற பாடம்

மீனில் சேர்ந்த நஞ்சு மனிதரை என்ன செய்யும் என்பதை உலகுக்குக் காட்டியது ஜப்பானின் மினமாட்டா. ஆலைக் கழிவில் இருந்த பாதரசம் வளைகுடா மீன்களில் சேர்ந்து, அவற்றை அன்றாடம் உண்ட மீனவக் குடும்பங்களின் நரம்புகளைச் சிதைத்தது. நோய் 1956-இல் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. அதன் காரணத்தை அரசு வெளிப்படையாக ஏற்க 1968 வரை ஆனது. இடையிலிருந்த பன்னிரண்டு ஆண்டுகள் மக்கள் மீனைச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நமக்கும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பின்னர் ஆய்வாளர்கள் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசத்தைக் கண்டறிந்தனர். பார்வைக்குத் தெளிந்த, சுற்றுலாப் பயணிகள் படகு விடும் மலை ஏரி அது. நுரையும் துர்நாற்றமும் இருந்தால்தான் ஆபத்து என்பது இல்லை.

அமெரிக்காவின் மாநிலங்கள் இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டன. பல நீர்த்தேக்கங்களில் மீன்களைப் பிடித்துச் சதையைச் சோதிக்கிறார்கள். எந்த ஏரியில் எந்த மீனை, எந்த அளவுக்கு மேற்பட்டதை, மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்று வெளியிடுகிறார்கள். கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி வரம்பு உண்டு. தூண்டில் கருவிகள் மீது வசூலிக்கும் வரியை மீன்வளத்துக்கே திருப்பிச் செலவிடும் சட்டம் அங்கே 1950 முதல் இருக்கிறது. அவ்வளவு பெரிய ஏற்பாடு நமக்கு இன்றே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முதல் படியான சோதனையையும் அறிவிப்பையும் மட்டும் கேட்கிறேன்.

என்ன செய்யலாம்?

இதற்குத் தேவையானவை பெரும்பாலும் நம்மிடமே உள்ளன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் ஓசூரில் இருக்கிறது. மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இதே மாவட்டத்தில் பாரூரில் இருக்கிறது. நீர் மாதிரி எடுக்கும் நடைமுறையும் ஏற்கெனவே உள்ளது. அதோடு மீன் சதை மாதிரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவதாக, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி ஆகிய இரு அணைகளிலும் கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் ஜிலேபி, விரால், கட்லா ஆகியவற்றின் சதையைச் சோதிக்க வேண்டும். சிறிய மீன், பெரிய மீன் எனப் பிரித்துச் சோதிப்பது முக்கியம்.

இரண்டாவதாக, முடிவை அணைக் கரையில், மீன் விற்கும் இடத்தில், பலகையில் எழுத வேண்டும். தமிழில் மட்டுமன்றித் தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா, வங்காள மொழிகளிலும் எழுத வேண்டும். இன்று அந்தக் கரையில் அமர்பவர்களின் மொழிகள் அவை. எழுத்தறியாதவருக்கும் புரியும்படி மீனின் படம் வரைந்து பச்சை, சிவப்புக் குறி இட்டாலும் போதும்.

மூன்றாவதாக, கரையில் இருப்பவர்களின் கண்களைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கூட்டுறவு மீனவர்கள் தினமும் வலை போடுகிறார்கள். எந்த வகை எவ்வளவு கிடைத்தது, மீன் எப்போது மேலே வந்து தவித்தது, உடலில் புண் இருந்ததா என்பதைக் குறித்து அனுப்ப ஒரு தொலைபேசி எண் இருந்தால், ஆண்டு முழுவதும் செலவில்லாத கண்காணிப்பு நடக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். அது நியாயமானதும்கூட. 'இப்படிப் பலகை வைத்தால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும்?' என்று மீனவர்களும், கிருஷ்ணகிரி அணைப் பூங்கா அருகே மீன் பொரித்து விற்கும் பெண்களும் கேட்பார்கள். அந்தக் கடைகளில் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டவன் என்ற முறையில் அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் சோதனை இல்லாத இன்றைய நிலை அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆண்டுதோறும் நுரைப் படம் தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் வியாபாரம் படுக்கிறது. மீன் நன்றாக இருந்தாலும் படுக்கிறது. வதந்திக்கு எதிராக அவர்கள் கையில் காட்ட ஒரு தாள் இல்லை. 'சோதித்தாயிற்று, நல்ல மீன்' என்னும் பலகைதான் அவர்களுக்குச் சிறந்த விளம்பரம். மாறாக, முடிவு கெட்டதாக வந்தால் அந்த இழப்பை மீனவர் தலையில் கட்டக் கூடாது. நீரைக் கெடுத்தவர் தரும் இழப்பீட்டிலிருந்து அவர்களுக்கு ஈடு தர வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நீதிமன்றங்கள் ஏற்ற கோட்பாடுதான்.

இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. நுரையின் படத்தைக் காட்டி இரு மாநிலங்களும் பல ஆண்டுகளாக ஒருவரையொருவர் குறை சொல்லி வருகின்றன. நுரை காற்றில் கலைந்துவிடும். அதோடு வழக்கும் தளர்ந்துவிடும். மீனின் உடல் மாதக்கணக்கில் உட்கொண்டதைச் சேர்த்து வைத்திருக்கும் ஆவணம். ஆண்டுதோறும் எடுத்த அளவுகள் கையில் இருந்தால், கொடியாளத்துக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று வாதிட முடியும். சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்ட பின் உண்மையில் நீர் தேறியதா என்பதையும் அதே அளவுகள் சொல்லிவிடும்.

அதுவரை கரையில் இருப்பவர்கள் சில முன்னெச்சரிக்கைகளைக் கடைப்பிடிக்கலாம். நுரை மிதக்கும் நாளிலும், நீர் பச்சை வண்ணப்பூச்சுபோல் இருக்கும் நாளிலும் பிடித்த மீனைத் தவிர்க்கலாம். மீன் மேலே வந்து தவிக்கும்போது கையால் அள்ளியதைச் சமைக்காமல் இருக்கலாம். பெரிய வேட்டை மீனைவிடச் சிறியவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். குடல், செவுள், ஈரலை எறிந்துவிடலாம். கருவுற்றவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இந்த மீனைத் தராமல் இருக்கலாம். இவை ஆபத்தைக் குறைக்கலாம். மீன் நல்லதா என்பதற்குப் பதிலாகமாட்டா.

அந்த இளைஞரை அதன்பின் பலமுறை சந்தித்தேன். இப்போது அவரே என்னைவிட நன்றாகத் தூண்டில் போடுகிறார். பிடித்ததைப் பையில் போடும்போது சில நேரம் என் முகத்தைப் பார்க்கிறார். நான் பிடிப்பதை மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகிறேன். அது என் மனச்சாட்சிக்கு ஓர் ஆறுதல். அவருடைய இரவு உணவுக்கு அது எந்தப் பாதுகாப்பும் அல்ல. சந்தேகப்பட்டு விட்டுவிடும் வசதி எனக்கு இருக்கிறது. மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பும் அவருக்கு அந்த வசதி இல்லை.

அணைக் கரையில் 'ஆழமான பகுதி, குளிக்காதீர்' என்று பலகை வைக்கிறோம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பலகைக்கு இடம் இருக்கிறது. இந்த மீனைச் சாப்பிடலாமா என்று கேட்பவருக்கு, ஆம் என்றோ இல்லை என்றோ, அரசு அதில் பதில் எழுத வேண்டும்.